ஒட்டிக் கிடந்த இருபத்தோரு நாள்

எட்டயபுரத்துக்கு வடக்கே, பேருந்து போகிற சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் ஊர் சுந்தரம்மாளுடையது. அவள் வீட்டில் அறுபத்து மூன்று செம்மறிகள் இருந்தன. பெயருக்கு அவை கணவர் நந்தகோபாலின் ஆடுகள். மேய்ப்பது, குட்டிகளைப் பார்ப்பது, குடற்புழு மருந்து புகட்டுவது, அறுவடை முடிந்த எந்தக் காட்டில் எருவுக்காக எத்தனை நாள் கிடை அடைப்பது என்று பேசி முடிப்பது எல்லாம் சுந்தரம்மாள்தான். காலையில் எட்டு மணிக்குப் பட்டியைத் திறந்தால் பொழுது இறங்கும் வரை நடந்துகொண்டே இருப்பாள். நாற்பத்தாறு வயதுவரை காய்ச்சல் என்று படுத்ததுகூட இரண்டு மூன்று முறைதான்.

நந்தகோபால் மானாவாரியாக இரண்டு ஏக்கரில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுவார். சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குப் போய் கிடா வாங்குவார், விற்பார். அதிகம் பேசமாட்டார். வீட்டில் சத்தம் வரப்போகிறது என்று தெரிந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

சுந்தரம்மாளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மனதில் பட்டதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுவாள். அப்படிச் சொன்ன ஒரு வார்த்தையால்தான் நந்தகோபாலின் தங்கை சொர்ணத்தாயோடு மூன்று வருடமாகப் பேச்சில்லாமல் இருந்தது.

சொர்ணத்தாய் கழுகுமலையில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகன் மணிகண்டபிரபுவுக்கு, அண்ணன் மகள் பிரித்திகா முறைப்பெண். பிரித்திகா பிளஸ் டூ முடித்த கோடையில், பூவும் பழமும் தட்டில் வைத்துக்கொண்டு சொர்ணத்தாய் பெண் கேட்டு வந்தாள். பிள்ளை படிக்கட்டும் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். சுந்தரம்மாள் வந்திருந்த உறவுக்காரர்கள் முன்னால், "ஒம் மவன் பத்தாவத மூணு தடவ எழுதுனவன். எம் பிள்ள போயி அவனுக்குப் பாடம் எடுக்கவா?" என்று கேட்டுவிட்டாள். சொர்ணத்தாய் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதன் பிறகு சுந்தரம்மாளுக்கும் அந்த வீட்டுக்கும் நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை. பிரித்திகா கோவில்பட்டியில் கல்லூரியில் சேர்ந்தாள்.

பிரித்திகா மூன்றாம் வருடம் படிக்கையில், தை மாதம், பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும். மக்காச்சோள அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. களம் போதாமல் எல்லோரும் தார்ச்சாலையில் ஒரு பாதியை அடைத்துச் சோளத்தைக் காயப் போட்டிருந்தார்கள். சுந்தரம்மாள் ஆடுகளைச் சாலையின் அந்தப் பக்கம் இருந்த அறுத்த காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். முக்கால்வாசி மந்தை கடந்துவிட்டது. கடைசியில் இரண்டு குட்டிகள் சிறுபாலத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டன. அவற்றைத் தள்ள அவள் குனிந்தபோது, மூட்டை ஏற்றிய வேன் ஒன்று வளைவில் திரும்பியது. ஆட்டைப் பார்த்த ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். சக்கரத்துக்கு அடியில் இருந்ததோ உதிர்ந்த சோளம். வேன் வழுக்கிக்கொண்டே பக்கவாட்டில் வந்து, சுந்தரம்மாளின் வலது காலைப் பாலத்துக் கட்டைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டு நின்றது.

ஓட்டுநர் ஓடிவிடவில்லை. தன் வேட்டியைக் கிழித்துக் காலைக் கட்டி, தானே அவளைத் தூக்கி வேனில் கிடத்தி, கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார். அங்கே ரத்தத்தை நிறுத்தி, கட்டுப் போட்டு, ஆம்புலன்சில் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எல்லோரும் ஹைகிரவுண்டு என்று சொல்லும் ஆஸ்பத்திரி அது. மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் சுந்தரம்மாள் கேட்ட முதல் கேள்வி, "எத்தன உருப்படி போச்சு?" என்பதுதான்.

"ஒண்ணும் போவல. அறுவத்து மூணும் பட்டியிலதான் நிக்கி" என்றார் நந்தகோபால். அப்போதுதான் அவள் தன் காலைப் பார்த்தாள். எலும்பு முறிந்த இடத்துக்கு மேலும் கீழும் கம்பிகளைச் செருகி, வெளியிலிருந்தே ஒரு சட்டம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். நடுவில் கனத்த கட்டு.

இரண்டு நாளுக்கு ஒரு முறை கட்டைப் பிரித்துக் காயத்தைச் சுத்தம் செய்தார்கள். நசுங்கிச் செத்துப்போன சதையை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் கட்டைப் பிரித்தபோது அவள் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே, கெண்டைச்சதைக்கு எதிரே முன்பக்கம், ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக எலும்பு தெரிந்தது. கூட இருந்த பிரித்திகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் சத்யபிரியா வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஒரு ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டே பேசாத டாக்டரை சுந்தரம்மாள் அன்றுதான் பார்த்தாள்.

"அம்மா, ரெண்டு வழி இருக்கு. ரெண்டையும் சொல்றேன். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணு, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துட்டு செயற்கைக் கால் போடறது. மூணு நாலு மாசத்துல நடந்திடலாம். இன்னொண்ணு, இந்தக் காலையே காப்பாத்தப் பாக்கறது. அதுக்கு நாலஞ்சு ஆபரேஷன் ஆகும். ஒரு வருஷம் பிடிக்கும். அவ்வளவும் பண்ணி சரியா வராமலும் போகலாம்."

நந்தகோபால் மனைவியைப் பார்த்தார். சுந்தரம்மாள் டாக்டரைப் பார்த்துக் கேட்டாள். "செயற்கைக் கால வச்சிக்கிட்டு ஆட்டுக்குப் பின்னால போவ முடியுமா?"

"சமதரையில நல்லா நடக்கலாம். உங்க ஊர் எப்படின்னு நீங்கதான் சொல்லணும்."

"எங்க ஊரு கரிசக்காடு டாக்டரம்மா. வெயில்ல காலு போற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கும். மழை பேஞ்சா செருப்பே நிக்காது, மண்ணு புடிச்சு இழுத்துக்கிடும். அதுல அந்தக் காலு எங்கன நிக்கும்?" பிறகு அவளே சொன்னாள். "ஒரு வருசம் ஆனா ஆவட்டும். இத வச்சே பாருங்க."

டாக்டர் ஒரு தாளை எடுத்து இரண்டு கால்களைக் கோடாக வரைந்தார். வெறும் எலும்பை அப்படியே விட்டால் காய்ந்து செத்துவிடும். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி ஒட்டலாம் என்றால், அது பிடிப்பதற்கு அடியில் ரத்தம் ஓடுகிற சதை வேண்டும், எலும்பின்மேல் பிடிக்காது. அதனால் ரத்த ஓட்டத்தோடு கூடிய கனமான தோல் வேண்டும். அடிபட்ட காலில் ஒரே ஒரு பெரிய ரத்தக்குழாய்தான் மிஞ்சியிருக்கிறது, அதில் கைவைக்க முடியாது.

"அதனால இடது கால் கெண்டையிலேர்ந்து எடுக்கப் போறோம். தோலையும் அடியில இருக்கற கொழுப்பையும் மூணு பக்கம் அறுத்து, நாலாவது பக்கத்தை அப்படியே விட்டுடுவோம். புத்தகத்துல ஒரு பக்கத்தைத் திருப்பற மாதிரி அதைத் திருப்பி, வலது கால் எலும்புமேல மூடித் தைப்போம். அறுக்காம விட்ட பக்கம் வழியா இடது கால் ரத்தம் அதுக்குப் போயிட்டே இருக்கும். மூணு வாரத்துல வலது காலே அதுக்கு ரத்தம் குடுக்க ஆரம்பிச்சிடும். அப்புறம் நடுவுல வெட்டிப் பிரிச்சிடலாம்."

"மூணு வாரம் ரெண்டு காலும்?"

"ஒண்ணா சேர்ந்துதான் இருக்கும். அசையக் கூடாதுன்னு கம்பி போட்டுப் பிணைச்சிடுவோம்."

சுந்தரம்மாளுக்கு விஷயம் பிடிபட்டது. "தாயில்லாத குட்டிய வேற ஆட்டுமடியில விடுவோம். புல்லு கடிக்கிற வரைக்கும் பிரிக்க மாட்டோம். அப்படித்தான?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அப்படியேதான். ஆனா அம்மா, அந்த மூணு வாரமும் கூட ஒரு பொம்பள ஆள் இருந்தே ஆகணும். எல்லாத்துக்கும் ஆள் வேணும். யார் இருப்பாங்கன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க."

யார் இருப்பார்கள் என்பது சுலபமான கேள்வியாக இல்லை. அதுவரை பிரித்திகாதான் இருந்தாள். அவளுக்கு அடுத்த வாரம் கல்லூரியில் பரீட்சை. எழுதாமல் இருந்துவிடுகிறேன் என்று அவள் சொல்ல, சுந்தரம்மாள் படுக்கையிலிருந்தே திட்டினாள். சுந்தரம்மாளுக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. அவள் அம்மா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. நந்தகோபாலால் ஆட்டை விட்டு வரமுடியாது, வந்தாலும் பெண்கள் வார்டில் தங்க முடியாது.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, ஒரு வயர்க்கூடையும் பாயுமாகச் சொர்ணத்தாய் வார்டு வாசலில் வந்து நின்றாள். சுந்தரம்மாளை நேராகப் பார்க்கவில்லை. பிரித்திகாவிடம் பேசினாள்.

"ஏட்டி, நீ கெளம்பு. பரீச்சைக்குப் படிக்கணும்லா. எந்த நேரத்துக்கு என்ன மாத்திரன்னு மட்டும் எழுதி வச்சிட்டுப் போ."

பிரித்திகா அம்மாவைப் பார்த்தாள். சுந்தரம்மாளுக்கு முதலில் வந்தது கோபம்தான். நந்தகோபால் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தங்கைக்குப் போன் செய்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்றால் வேறு யார் என்று யோசித்தாள். ஒரு பெயரும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பிரித்திகா மாத்திரைகளை எழுதி வைத்துவிட்டு மதியப் பேருந்தில் போனாள்.

மறுநாளே ஆபரேஷன். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால், வார்டுக்கு வந்து பல மணி நேரத்துக்குப் பிறகுதான் அவளுக்குக் கால்கள் இருப்பதே தெரிந்தது. வலது கால்மேல் இடது கால் குறுக்காகக் கிடந்தது. இரண்டையும் சேர்த்துக் கம்பிச் சட்டம். ஒன்றை அசைக்க நினைத்தால் இன்னொன்று இழுத்தது. இடது கெண்டையில் தோல் எடுத்த இடத்துக்குத் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி ஒட்டியிருந்தார்கள். வலியில் தொடை எரிச்சல்தான் பெரிதாக இருந்தது.

அடுத்த நாட்கள் எப்படிப் போயின என்பதைச் சுந்தரம்மாள் இப்போதுகூட எல்லோரிடமும் சொல்வதில்லை. படுத்த இடத்திலேயே எல்லாம். பெட்பேன் வைத்து எடுப்பது, வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைப்பது, முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் இடுப்பைத் தூக்கிப் பவுடர் போடுவது, தலையில் பேன் பார்ப்பது என்று எல்லாவற்றையும் சொர்ணத்தாய் செய்தாள். முகம் சுளிக்கவில்லை. அதேசமயம் பேசவும் இல்லை. "தண்ணி", "போதும்", "இன்னும் கொஞ்சம் தூக்கு" என்பதற்கு மேல் இருவருக்கும் நடுவில் வார்த்தை இல்லை. யாரிடமும் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிப் பழகாத சுந்தரம்மாள், முதல் இரண்டு நாள் சோறே வேண்டாம் என்று பாதியில் ஒதுக்கினாள். சாப்பிட்டால் மறுபடி பெட்பேன் கேட்க வேண்டும். மூன்றாம் நாள் சொர்ணத்தாய் தட்டை அவள் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மிச்சம் இல்லாமல் தீரும் வரை அங்கேயே நின்றாள்.

கட்டுக்கு நடுவில் ஒரு சின்ன ஜன்னல் மாதிரி திறந்து விட்டிருந்தார்கள். அதன் வழியே புதுத்தோல் தெரியும். டாக்டர் சத்யபிரியா முதல் நாளே இருவருக்கும் காட்டிக்கொடுத்திருந்தார். விரலால் லேசாக அழுத்தி எடுக்க வேண்டும். அழுத்திய இடம் வெளுக்கும். இரண்டு எண்ணும் நேரத்தில் பழைய நிறம் திரும்பினால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம், விரலை எடுத்த உடனே திரும்பினால் ரத்தம் தேங்கி நிற்கிறது. நர்சுகள் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள் என்று சொல்லியிருந்தார். படுத்திருக்கும் சுந்தரம்மாளுக்கு அது கண்ணுக்கு எட்டாது. சொர்ணத்தாய்தான் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு மணிக்கொரு தரம் பார்ப்பாள்.

நான்காம் நாள் மத்தியானம். சாப்பாடு முடிந்து வார்டு அமைதியாக இருந்தது. குனிந்து பார்த்த சொர்ணத்தாய் நிமிரவில்லை.

"மதினி."

மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் மதினி அது.

"இது நெறம் சரியில்ல மதினி."

"வெளுத்திருக்கா, கருத்திருக்கா?"

"மடிநோவு வந்த ஆட்டுக்கு மடி இருக்கும்லா, அந்த நெறம். ஓரத்துல நீலம் பாரிச்சுக் கெடக்கு. அமுக்குனா சட்டுனு ரத்தம் வந்து நிக்கி."

ஆடு வளர்க்கும் வீட்டில் பிறந்தவர்கள் இருவரும். அந்த நிறம் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே போன ரத்தம் வெளியே வரமுடியாமல் தேங்கி நிற்கிறது. "நிக்காத, ஓடு" என்றாள் சுந்தரம்மாள்.

சொர்ணத்தாய் நர்சிடம் ஓடினாள். நர்சு வந்து பார்த்ததும் போனை எடுத்தார். டாக்டர் வேறொரு ஆபரேஷனில் இருந்தார். அவருடைய உதவி டாக்டர் பத்து நிமிடத்தில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். இறுகியிருந்த நான்கைந்து தையல்களை வெட்டிவிட்டார். இடது முழங்காலுக்கு அடியில் இருந்த தலையணை நழுவி, அறுக்காமல் விட்ட பக்கம் மடங்கி நெருங்கியிருந்தது. அதை நிமிர்த்திக் கம்பியைத் தளர்த்தி மறுபடி முறுக்கினார். அடியில் தேங்கியிருந்த ரத்தம் வடிந்தது. அரைமணி நேரத்தில் நீலம் குறைந்தது. சாயங்காலம் டாக்டர் சத்யபிரியா வந்து அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யார் பாத்தது?"

"இவிய நாத்தனாரு" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

"இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா மொத்தமும் போயிருக்கும்மா. இப்ப ஓரத்துல ஒரு நகக்கண் அளவு கருத்து உதிரும். அது பரவாயில்லை."

டாக்டர் போன பிறகு சொர்ணத்தாய் கட்டிலையொட்டித் தரையில் பாயை விரித்து உட்கார்ந்தாள். சுந்தரம்மாள் கட்டிலிலிருந்து கையைக் கீழே நீட்டி அவள் தோளைத் தொட்டாள். அவள் தட்டிவிடவில்லை.

பேச்சு மறுநாள் காலையில்தான் வந்தது. சொர்ணத்தாய் அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். சுந்தரம்மாள் சுற்றி வளைக்கத் தெரியாதவள், நேராகவே கேட்டாள்.

"சொர்ணம், பிள்ளையக் கேக்கத்தான் வந்திருக்கியா? இருந்தா இப்பவே சொல்லிரு. ஒங்கிட்ட இவ்வளவும் செய்ய வாங்கிட்டு அப்புறம் மாட்டேன்னு சொல்ல என்னால முடியாது."

சீப்பு நின்றது. "எந்தப் பிள்ளய?"

"பிரித்திகாவத்தான்."

"மதினி, எம் மவனுக்கு போன ஆவணியில கல்யாணம் முடிஞ்சுட்டு. பொண்ணு நாலாட்டின்புத்தூரு. இப்ப மூணு மாசம் முழுவாம இருக்கா."

சுந்தரம்மாள் தலையைத் திருப்பப் பார்த்தாள், சீப்பு இழுத்தது. "எங்களுக்குச் சொல்லவே இல்லயே?"

"சொல்லாம இருப்பனா? பத்திரிகைய அண்ணன் கையிலதான் குடுத்தேன். அவிய கல்யாணத்துக்கும் வந்தாவளே. தாய்மாமன் முறைய செஞ்சிட்டு, சாப்பிட்டுட்டுத்தான் போனாவ. நீங்க வரமாட்டேன்னு சொல்லிட்டீங்கன்னுல்லா நான் நெனச்சேன்."

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை நந்தகோபால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு கிடா பார்க்கப் போகிறேன் என்று கிளம்பியது சுந்தரம்மாளுக்கு நினைவு வந்தது. சண்டை வரும் என்று பயந்து மனுஷன் பத்திரிகையை மறைத்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொடை வலித்தது. வலியோடு சிரித்ததில் கண்ணீர் வந்துவிட்டது. அது எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது சொர்ணம். நாலு பேரு முன்னால."

சொர்ணத்தாய் பின்னலைப் போட்டு முடித்து, நுனியில் ரப்பர் மாட்டினாள். "சொல்லிருக்கக் கூடாதுதான்" என்றாள். பிறகு, "அவன் மூணு தடவ எழுதல மதினி. ரெண்டு தடவதான்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நந்தகோபால் வாழைப்பழச் சீப்போடு வந்தார். சுந்தரம்மாள் ஆட்டைப் பற்றி எல்லாம் விசாரித்துவிட்டு, "ஆவணியில வியாழக்கெழம ஒரு கெடா பாக்கப் போனியளே, அது என்ன ஆச்சு? படிஞ்சுதா?" என்று கேட்டாள். நந்தகோபால் தங்கையைப் பார்த்தார். தங்கை தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போய்விட்டாள். அவர் ஒரு பழத்தை உரித்து மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். ஆனால் எழுந்து போகவில்லை. "தப்புதான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு பழத்தை எடுத்து அவளுக்கு உரித்துக் கொடுத்தார்.

அதன் பிறகு நாட்கள் வேகமாகப் போயின. பிரித்திகா பரீட்சை முடிந்த சாயங்காலங்களில் பட்டிக்குப் போய், போனில் வீடியோ போட்டு ஆடுகளைக் காட்டுவாள். "அந்த வெள்ளக்காது ஏன் தனியா நிக்கி? வயித்தப் பாரு" என்று சுந்தரம்மாள் இங்கிருந்து வைத்தியம் சொல்வாள். வார்டில் நடக்கமுடிந்த பெண்கள் எல்லாம் அந்த நேரத்துக்கு அவள் கட்டிலைச் சுற்றிக் கூடிவிடுவார்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் டாக்டர் புதுத்தோலுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். இடது காலிலிருந்து ரத்தம் வருகிற பக்கத்தை ரப்பர் போட்ட கிடுக்கியால் முதலில் ஐந்து நிமிடம் இறுக்கிப் பிடித்தார். பிறகு பத்து நிமிடம், அரைமணி, ஒருமணி. நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். முதல் இரண்டு நாள் கொஞ்சம் வெளுத்தது. பத்தொன்பதாம் நாள் இரண்டு மணி நேரம் இறுக்கி வைத்தும் நிறம் மாறவில்லை.

"புல்லு கடிக்க ஆரம்பிச்சிட்டு" என்றாள் சுந்தரம்மாள்.

இருபத்தோராம் நாள் நடுவில் வெட்டிக் கால்களைப் பிரித்தார்கள். வார்டுக்குத் திரும்பி மருந்தின் மரமரப்பு தெளிந்ததும், அவள் இடது காலை மட்டும் மெள்ள ஒரு சாண் தள்ளி வைத்துப் பார்த்தாள். முழங்கால்கள் இறுகிப்போய் மடங்க மறுத்தன. ஆனால் ஒன்றை அசைத்தால் மற்றது சும்மா இருந்தது. அதையே நாலைந்து தரம் செய்துபார்த்துவிட்டுத் தூங்கிப்போனாள். வலது கால் எலும்புமேல் கெண்டைச்சதையின் தோல், சற்றே உப்பலாக, ஒட்டுப் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் நகக்கண் அளவு கருத்த இடம் பொருக்குத் தட்டி, பிறகு தானாக உதிர்ந்தது.

எல்லாம் அதோடு முடியவில்லை. தோல் மூடியதால் எலும்பு பிழைத்தது. கூடுவதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொண்டது. சித்திரையில் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து முறிந்த இடத்தில் வைத்தார்கள். ஆடியில் வெளிக் கம்பிகளைக் கழற்றினார்கள். அதுவரை நான்கு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வலது காலை ஊன்றாமல் நடந்தாள். பிறகு ஊன்றுகோல். ஒருமுறை கிணற்றடியில் விழுந்து, போச்சு என்று நினைத்து ஒரு நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாள். மறுநாள் எக்ஸ்ரேயில் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தது. மாதம் ஒரு தடவை திருநெல்வேலிக்குப் போகவேண்டும். அவள் எட்டயபுரத்திலிருந்து பஸ்ஸில் கோவில்பட்டிக்கு வருவாள். சொர்ணத்தாய் கழுகுமலையிலிருந்து வருவாள். பஸ் ஸ்டாண்டில் சந்தித்துச் சேர்ந்து போவார்கள். வேண்டாம், தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று சுந்தரம்மாள் சொன்னதற்கு, "நாந்தான் காவலு இருந்து காப்பாத்துன தோலு. நான் வந்துதான் பாப்பேன்" என்றாள் அவள்.

கார்த்திகையில், பத்து மாதத்துக்குப் பிறகு, சுந்தரம்மாள் பட்டியைத் திறந்து ஆட்டோடு போனாள். முதல் நாள் ஊர்க் கண்மாய் வரைக்கும்தான். வலது கால் அரை அங்குலம் குட்டை. செருப்புக்கு அடியில் ஒரு தட்டு ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். நடை கொஞ்சம் சாய்வாக இருந்தது. முன்பு போல மந்தைக்கு முன்னால் ஓட முடியவில்லை. அதனால் தூரத்து மேய்ச்சலை நந்தகோபால் எடுத்துக்கொண்டார். பத்து மாதத்தில் அவருக்கும் ஆடுகள் பழகியிருந்தன. அவற்றுக்கு அவர் குரலும் பழகியிருந்தது. இப்போது பட்டியில் எழுபத்தொரு உருப்படி.

இடையில் ஒருநாள் டாக்டர் சத்யபிரியா போன் செய்தார். புதூர் பக்கம் ஒரு பெண்ணுக்கு இதே ஆபரேஷன் செய்யவேண்டும், பயந்து அழுகிறாள், கொஞ்சம் பேசுகிறீர்களா என்று கேட்டார். சுந்தரம்மாள் போனில் பேசவில்லை. சொர்ணத்தாயைக் கூட்டிக்கொண்டு நேரில் போனாள். பூங்கொடி என்று இருபத்தேழு வயதுப் பெண். சுந்தரம்மாள் சேலையைக் கொஞ்சம் தூக்கி, காலைக் காட்டி, தொட்டுப் பார்க்கச் சொன்னாள். வலிக்கும் என்றாள். வெட்கமாக இருக்கும் என்றாள். இருபத்தோரு நாள்தான் என்றாள். சொர்ணத்தாய் தன் பங்குக்கு அந்தப் பெண்ணின் மாமியாரைத் தனியே கூப்பிட்டு, முதுகில் புண் வராமல் எப்படித் தூக்குவது, நிறம் எப்படிப் பார்ப்பது என்று அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். பூங்கொடியின் காலும் தேறியது.

போன பங்குனியில் ஒரு மத்தியானம். சுந்தரம்மாள் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து, காலை நீட்டி, தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தாள். திடீரென்று வலது காலில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தாள். புதுத்தோலின் ஓரத்திலிருந்து இரண்டு விரல்கடை உள்ளே ஒரு கட்டெறும்பு நின்றுகொண்டிருந்தது. அதுவரை அந்த இடத்தில் வெந்நீர் பட்டாலும் முள் கீறினாலும் அவளுக்குத் தெரியாது. உணர்ச்சி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் எறும்பைத் தட்டிவிட்டு, போனை எடுத்துக் கழுகுமலைக்கு அடித்தாள்.

"சொர்ணம், எறும்பு கடிச்சிட்டு."

"எறும்பு கடிச்சதுக்கா போனு? நான் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருக்கேன் மதினி."

"ஏட்டி, அந்த எடத்துல கடிச்சிட்டு."

மறுமுனையில் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொர்ணத்தாய் கேட்டாள். "நல்லா வலிச்சுதா?"

"நல்லா வலிச்சுது" என்றாள் சுந்தரம்மாள்.